ஊவா சாய்வு

பதுளை,
14-1-1977

அன்புள்ள அக்காவுக்கு,

சேசு மரி சூசை காவலில் இங்கே நான் சுகம். அங்கே நீயும் பிலிப்பு மச்சானும் சுகமாயிருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிரஸ் மூடியதால் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போய்வந்தேன். நாம் குடியிருந்த காம்பராவில் இப்போது வேறு குடும்பம். கதவுக்கு நீலம் பூசியிருக்கிறார்கள். உள்ளே கூப்பிட்டார்கள், போகவில்லை.

நீங்கள் கப்பலேறிப் பதினைந்து மாதமாகிறது. திருச்சியில் அச்செழுத்து வார்க்கிற ஒரு டைப் பவுண்டரியில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ எழுதியதை வாசித்துச் சிரித்தேன். தம்பி பதுளையில் எழுத்துக் கோக்கிறான், அக்கா திருச்சியில் எழுத்துத் தேய்க்கிறாள். ஆனால் இந்தக் கடிதம் சிரிப்பதற்கு அல்ல. உன்னிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன்.

எங்கள் ஹாஜியார் பிரஸ்ஸில் இங்கிலீஷ் இட்டாலிக் எழுத்துப் பெட்டி, ஒரு கேஸ், இருக்கிறது. தோட்டத்துத் துரைமார் விருந்துக்கு அழைக்கிற கார்டெல்லாம் அதில்தான் அடித்தோம். எழுத்து வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் ஒரு சின்ன அடி வைத்து முடியும். ஓடுகிற ஆள் போல அல்ல, பேசிக்கொண்டே நடக்கிற ஆள் போல. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு அந்தக் கேஸை யாரும் தொடுவதில்லை. நான்தான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் ஏன் இப்படி ஒன்று இல்லை? நம்மிடம் கல்யாணத்துக்கும் தடித்த எழுத்து, மரண அறிவித்தலுக்கும் அதே தடித்த எழுத்து.

தமிழுக்கு அப்படி ஒன்றை நானே இரண்டு வருஷமாகத் தாளில் கீறி முடித்திருக்கிறேன். எழுத்து நூற்றைம்பதுக்கு மேல் வந்தது. பூனாகலையிலிருந்து அடுத்த வாரம் கப்பலேறுகிற செபஸ்தியம்மாவின் கையில் சுருளைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் நாயுடு முதலாளியிடம் காட்டு. எனக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஹாஜியார் யாரையோ பிடித்து வீசாவை நீட்டித் தந்திருப்பதால் இன்னும் இங்கே இருக்கிறேன். நாயுடுவுக்கு எழுத்துப் பிடித்தால் வரைகிற மேசையில் எனக்கும் ஓர் இடம் கொடுப்பார். மற்றவர்கள் ஒரு பெட்டியும் பாயுமாக மண்டபம் முகாமில் போய் இறங்கினார்கள். எனக்கு ஒரு தொழிலோடு இறங்க ஆசை.

மச்சானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
தேவதாசன்


திருச்சி,
6-3-1977

அன்புத் தம்பி தேவதாசனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் சுகம். உன் மச்சான் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்வருகிறார். செபஸ்தியம்மா முகாமிலிருந்து ஓர் ஆளிடம் சுருளைக் கொடுத்தனுப்பினாள். ஒரு மூலை நனைந்திருந்தது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தாள்களைத் தரையில் விரித்துப் பார்த்தேன். ‘ஞ’வும் ‘கு’வும் கண்ணைவிட்டுப் போகவில்லை. உன் மச்சானும் பார்த்தார். “இது எழுத்தா, கொடி படர்ந்திருக்கா?” என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார்.

என் வேலை என்னவென்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். வார்த்து விழுகிற எழுத்தின் பக்கங்களில் பிசிறு இருக்கும். அதைக் கல்லில் தேய்த்துச் சமமாக்க வேண்டும். எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தேய்க்கிறோம். கொழுந்து கிள்ளின விரலுக்கு ஈயம் பழகிவிடும் என்று சேர்த்துக்கொண்டார்கள். பழகிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். ஈயத் துண்டு செவ்வகமாக நிமிர்ந்து நிற்கிறது. எழுத்து அதன் தலையில் இருக்கிறது. உன் எழுத்து சாய்வதால் சில இடங்களில் துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகும். அந்த இடத்துக்கு அடியில் தாங்குவதற்கு ஈயம் இருக்காது. அப்படி நீட்டுகிறவைதான் எங்கள் கல்லில் உடைகின்றன. உன் ‘ழ’வின் வால் நீட்டவும் செய்கிறது, மயிர் போல மெல்லிசாகவும் இருக்கிறது. இதை நீ யோசித்திருப்பாய்.

நாயுடு முதலாளி மதராசுக்குப் போயிருக்கிறார். வந்ததும் காட்டுகிறேன். குளிர் காலம் முடியும்வரை காலையில் தலையில் தண்ணீர் ஊற்றாதே.

அன்புடன்
அக்கா றோசாலி


பதுளை,
2-4-1977

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். மச்சானின் வேலை நிலையானது பற்றிச் சந்தோஷம்.

நீட்டுவதை யோசிக்காமல் இல்லை. இங்கிலீஷ் இட்டாலிக்கில் ‘எஃப்’ எழுத்து இரண்டு பக்கமும்தான் நீட்டுகிறது. துரைமார் கார்டுக்கு எத்தனை வருஷம் அடித்தோம், உடைந்தது கொஞ்சம்தான். வேலைக்காரன் பக்குவமாகக் கையாள வேண்டும், அவ்வளவுதான்.

சாய்வை எப்படிப் பிடித்தேன் என்று தெரிந்தால் நீ இப்படி எழுதியிருக்க மாட்டாய். முதலில் பதினைந்து பாகை சாய்த்தேன். ‘ட’ விழுந்துவிட்டது. பாவம், நிமிர்ந்த கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று, அதைத் தவிர அதற்கு என்ன இருக்கிறது? எட்டுப் பாகையில் சாய்வு தெரியவில்லை, அச்சுப் பிழை மாதிரி இருந்தது. பதினொன்றில் நின்றது. எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் அந்தப் பதினொன்றைக் கண்டுபிடிக்க ஏழு மாதம். ‘ழ’வின் வாலை மட்டும் முப்பது தடவைக்கு மேல் கீறியிருக்கிறேன். இந்த மெல்லிசு தற்செயலாக வந்ததல்ல.

ஆகையால் நாயுடுவோ அவருடைய ஆட்களோ எதிலும் கைவைக்க விடாதே. பிடித்தால் இப்படியே எடுக்கட்டும், இல்லையென்றால் சுருட்டிக் கொடுக்கட்டும். இதை அவரிடம் அப்படியே சொல்.

ஹாஜியார் உன்னை விசாரித்தார்.

தேவதாசன்


திருச்சி,
20-7-1977

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மச்சானுக்குக் கொஞ்சம் இருமல். வெயில் இறங்கினால் சரியாகும் என்கிறார்கள்.

நாயுடு முதலாளி உன் எழுத்தை எடுத்துக்கொண்டார். அச்சு வெட்டுகிற ஆசாரி இரண்டு மாதமாக அதில்தான் இருக்கிறார். பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது. கல்யாணக் கார்டுக்காரர்கள் இப்போதே கேட்கிறார்களாம்.

உன் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. மற்றதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அக்கா றோசாலி


பதுளை,
19-9-1977

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலில் எழுதச் சொன்னது அலவி. அலவி எங்கள் மெஷின்காரன். “அக்கா பேப்பர் பாத்திருப்பாங்க, முதல் வரியிலயே போடு” என்றான்.

ஆகஸ்டில் இங்கே தமிழர்மேல் நடந்த கலவரத்தை நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஹாஜியார் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஒன்பது நாள். அவருடைய மகள் ஸுபைராதான் சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவாள். பத்தாம் நாள் என் அறைக்குப் போனேன். கட்டில் இருந்தது. எழுத்துகளின் பிரதி வைத்திருந்த பெட்டி இல்லை. முற்றத்தில் கொஞ்சம் கரி இருந்தது. ஆகவே உன்னிடம் இருக்கிற தாள்கள்தான் இனி மிச்சம்.

நாயுடு எடுத்துக்கொண்ட செய்தி கிடைத்தது நல்ல சமயத்தில். அக்கா, நான் வருகிறேன். இனி இங்கே இருப்பதில் ஒன்றுமில்லை. பெரகல சந்தியில் பஸ் நின்றால்கூட இறங்கி ஒரு டீ குடிக்க மனம் வரவில்லை. மேசையில் இடம் உண்டா இல்லையா என்று நாயுடுவிடம் கேட்டு ஒரே வரியில் எழுது. இருந்தால் அடுத்த தை மாதக் கப்பல்.

மச்சானின் இருமல் எப்படி?

தேவதாசன்


திருச்சி,
11-12-1977

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் எழுதப் பிந்திவிட்டது. வேலை அதிகம். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி ஒரு பூசை வைத்தோம்.

நீ எப்போது வந்தாலும் வா. ஒரு அறைதான் என்றாலும் இன்னொரு பாய் விரிக்க இடமிருக்கிறது. மேசை விஷயம் முதலாளியிடம் இன்னும் கேட்கவில்லை. அவர் இப்போது புது மெஷின் இறக்குகிற மும்முரத்தில் இருக்கிறார். சமயம் பார்த்துக் கேட்டுச் சொல்கிறேன்.

உன் மச்சான் பரவாயில்லை. கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கு வருவார்.

அக்கா றோசாலி


பதுளை,
30-1-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தை பிறந்துவிட்டது, கப்பலும் போய்விட்டது. ஒரே வரியில் எழுதச் சொன்னேன். நீ நான்கு வரி எழுதியும் அந்த ஒரு வரி அதில் இல்லை.

முதலாளியிடம் கேட்பது உனக்குச் சங்கடம் என்று நினைக்கிறேன். தேய்க்கிற வேலையில் இருக்கிறவள் தம்பிக்கு மேசை கேட்டால் அவர் என்ன நினைப்பார், அது நியாயம்தான். ஆகையால் நானே அவருக்கு நேரில் எழுதிவிட்டேன். நீ இனி இதில் மினக்கெட வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவதாசன்


திருச்சிராப்பள்ளி,
25-2-1978

பதுளை, ஸ்ரீமான் தேவதாசன் அவர்களுக்கு,

உபயகுசலோபரி. தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்து விபரம் அறிந்தோம். தாங்கள் அனுப்பிய சாய்வெழுத்து சென்ற கார்த்திகை முதல் விற்பனைக்கு வந்திருக்கிறது. மதுரை, கோயமுத்தூர் அச்சகத்தார் விரும்பி வாங்குகிறார்கள். தங்கள் சகோதரியார் கேட்டுக்கொண்டபடி, தங்கள் ஊவா மாகாணத்தின் பெயரால் அதற்கு ‘ஊவா சாய்வு’ என்று பெயரிட்டிருக்கிறோம்.

வரைகலை மேசையில் இடம் கேட்டிருந்தீர்கள். தங்கள் தாள்களைப் பார்த்த அன்று, அழகு உண்டு, அச்சில் நிற்காது என்று திருப்ப இருந்தோம். தங்கள் சகோதரியார் இரண்டு நாள் அவகாசம் கேட்டு, சில எழுத்துகளைத் திருத்தி வரைந்து வந்தார். பிறகு ஏறக்குறைய எல்லாவற்றையுமே அவர்தான் திரும்ப வரைந்தார். அதன்படியே வார்த்தோம். சென்ற வைகாசி முதல் அந்த மேசையில் அவரையே அமர்த்தியிருக்கிறோம். சிறிய தொழிற்சாலையாகையால் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. இது தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே எண்ணியிருந்தோம்.

மாதிரித் தாள் ஒன்று இத்துடன் உள்ளது.

தங்கள் நலம் நாடும்
கோபாலசுவாமி நாயுடு


பதுளை,
28-3-1978

திருமதி றோசாலி பிலிப்பு அவர்களுக்கு,

நாயுடு எழுதிய கடிதமும் மாதிரித் தாளும் கிடைத்தன. நீங்கள் வைகாசி மாதத்திலிருந்து மேசையில் இருப்பதை அறிந்துகொண்டேன். என் எழுத்தைத் தாளில் தேடிப் பார்த்தேன். ‘ட’ மட்டும் என்னுடையது போல இருக்கிறது.

கப்பலுக்கு எழுதிக்கொடுத்த பெயரை எடுத்துவிட்டேன். மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தேவதாசன்


திருச்சி,
15-8-1978

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இன்று மாதா விண்ணேற்புத் திருநாள், பவுண்டரிக்கும் லீவு. எப்படி வந்தாலும் இதை அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

‘நீங்கள்’ என்று எழுதியிருந்தாய். பிறந்தது முதல் நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உன் மச்சான் வாசித்துவிட்டு, “மரியாதை கூடிப்போச்சு போல” என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். தாள்களைக் காட்டியபோது ஆசாரி ‘ழ’வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இதோட வாலு நூறு தாள் தாங்காதும்மா” என்றார். முதலாளி, “சுருட்டிக் குடுத்தனுப்பிடு” என்றார். எதிலும் கைவைக்க விடாதே, இல்லையென்றால் சுருட்டிக் கொடுக்கட்டும் என்று நீ எழுதின கடிதம் அன்றைக்கு என் மடியில் இருந்தது. சுருட்டிக்கொண்டு வந்திருந்தால் நான் உனக்கு உண்மையாக நடந்தவள். என்னால் முடியவில்லை. “ரெண்டு நாள் குடுங்கய்யா” என்று கேட்டேன்.

உன் தாளின்மேல் டிரேசிங் பேப்பர் போட்டு ‘ழ’வைத் திரும்ப வரைந்தேன். வாலை உள்ளே இழுத்து, திரும்புகிற இடத்தில் கொஞ்சம் சதை வைத்தேன். எனக்கு வரையத் தெரியாது. ஆனால் கல்லில் இருந்த மாதமெல்லாம் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவியிருக்கிறேன். எது எங்கே உடையும் என்று விரலுக்குத் தெரியும். ஆசாரி பார்த்துவிட்டு, “உன் தம்பி இதை முதல்லயே இப்படிப் போட்டிருக்கலாமே” என்றார். நானும் நீ போட்டது என்றுதான் சொன்னேன். “இன்னும் நாப்பது எழுத்து இதே மாதிரி வேணும், தம்பிக்கு எழுதிப் போடு” என்று முதலாளி சொன்னபோதுதான் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாளே, “கல்லை விட்டு எழுந்திரு, மேசைக்கு வா” என்றார்.

நான் அப்போதே மறுத்து, இந்த இடம் என் தம்பிக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் மச்சான் அந்த வருஷம் மாசி மாதத்திலிருந்தே வேலைக்குப் போகவில்லை. நெஞ்சு. வேலைக்குப் போகிறார், பரவாயில்லை என்று உனக்கு எழுதினதெல்லாம் பொய். கல்லில் இருந்தபோது தேய்த்த ஈயத்தூள் என் சேலையில் வீட்டுக்கு வந்தது. மேசைக்குப் போனால் அது வராது என்று டாக்டர் சொன்னார். இது சாக்கு இல்லை. இது இல்லாவிட்டாலும் நான் ஒருவேளை போய் உட்கார்ந்திருப்பேன். தம்பி, அந்த மேசையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கு எழுத முடியாமல் போனது அதனால்தான்.

ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு உன் கடிதம் வந்தபோது நான் எழுந்து உனக்கு இடம் விட்டிருக்கலாம். அன்றைக்கு நாள் முழுவதும் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டே ‘ணு’ வரைந்தேன்.

உன் மூலத் தாள்களில் நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அப்படியே டின் குழாயில் இருக்கின்றன. எப்போது கேட்டாலும் அனுப்புகிறேன்.

நீ சாப்பிடுகிறாயா, எங்கே தங்கியிருக்கிறாய் என்றாவது ஒரு கார்டு போடு.

அக்கா றோசாலி


திருச்சி,
17-12-1978

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஹாஜியார் கொழும்பு ஏஜெண்டு மூலம் நாயுடுவுக்கு எழுதின கடிதத்திலிருந்து நீ இன்னும் பிரஸ்ஸில் இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். உங்கள் நாட்டில் இப்போது சாமான் இறக்குமதி செய்யலாமாம். ஊவா சாய்வில் பதினான்கு பாயிண்ட் ஒரு செட் கேட்டிருக்கிறார். அவர் தானாகக் கேட்டாரா, நீ சொல்லிக் கேட்டாரா என்று தெரியவில்லை.

அதில் ஒரு சிக்கல் வந்தது. அக்டோபரில் இங்கே அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தி உத்தரவு போட்டிருக்கிறது. ணை, லை, ளை, னை நான்கும் இனித் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. மற்ற எழுத்துகளைப் போல முன்னால் கொம்பு வைத்து எழுத வேண்டும். ணா, றா, னா காலைச் சுழிக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு கால் போட்டால் போதும். பேருக்குப் பதின்மூன்று எழுத்து என்கிறார்கள். பவுண்டரியில் அது ஏழு துண்டுதான். என் பெயரின் முதல் எழுத்தும் அதில் அடிபட்டுவிட்டது. முதலாளி அன்றைக்கே பழைய ஏழையும் வார்ப்பதை நிறுத்திவிட்டார். பதினான்கு பாயிண்ட் அளவில் அவற்றை இன்னும் வெட்டியிருக்கவும் இல்லை.

உங்கள் ஊரில் பழைய எழுத்துதானே வாசிக்கிறார்கள். ஏழும் இல்லாமல் செட்டை அனுப்பினால் உங்களுக்கு உபயோகமில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். உள்ளூரில் விற்காத எழுத்துக்கு ஆசாரி எதற்கு மினக்கெட வேண்டும் என்று கேட்டார். ஆசாரியிடம் நானே போய்க் கேட்டேன். ஓய்வு நேரத்தில் வெட்டித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

இந்த ஏழையும் நான் தொடவில்லை. உன் மூலத் தாளை வைத்து அப்படியே வெட்டச் சொன்னேன். கோடு கோடாகச் சரிபார்த்துவிட்டேன். துண்டுக்கு ஐந்து வீதம் தனிப் பொட்டலமாகக் கட்டிச் செட்டோடு வைத்திருக்கிறேன்.

உன் மச்சான் எழுந்து நடக்கிறார். இது உண்மை.

அக்கா றோசாலி


பதுளை,
27-5-1979

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மச்சானின் நெஞ்சு எப்படி என்று எழுது. நான் இப்போது ஹாஜியார் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உன்னுடைய இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதவில்லை.

எழுத்துப் பெட்டி சித்திரை முதல் கிழமை வந்தது. செட் கேட்கச் சொல்லி ஹாஜியாரிடம் நான் சொல்லவில்லை. நாயுடுவின் மாதிரித் தாளை மேசையில் போட்டிருந்தேன், அவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் தானாகத்தான் கேட்டார். பெட்டி இரண்டு கிழமை கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. பிறகு ஸுபைராவின் கல்யாணக் கார்டு வந்தது. “புது எழுத்துலதான் அடிக்கோணும்” என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். நான் கோத்தேன், அலவி மெஷினில் ஏற்றினான். கார்டு நானூறு.

முதல் கார்டைப் பார்த்து எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவ்வளவு நன்றாக இருந்தது. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொண்ணூறாவது கார்டில் ‘மாலை நான்கு மணிக்கு’ என்பதில் ‘லை’யின் தும்பிக்கை போய்விட்டது. வேறு துண்டு போட்டோம். நூற்றுப் பத்தில் ‘இப்றாஹீம்’ என்பதில் ‘றா’வின் சுழி உடைந்தது. அலவிதான் பார்த்து மெஷினை நிறுத்தினான். ஹாஜியார் கார்டை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “என்ட பேர்லயே ஓட்டை விழுந்திருக்கே” என்றார். இருநூற்று முப்பது வருவதற்குள் ‘றா’ ஐந்தும் ‘லை’ ஐந்தும் முடிந்துவிட்டன. உன்னுடைய ‘ழ’வை ஒரு கார்டுக்கு ஒன்பது இடத்தில் போட்டிருந்தோம். ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை.

மிச்சக் கார்டுகளுக்கு உங்கள் ஊர்ப் புது மாதிரியிலேயே, ‘ற’வுக்குப் பக்கத்தில் கால் போட்டு, ‘ல’வுக்கு முன்னால் கொம்பு போட்டு அடித்து முடித்தோம். இருநூற்று முப்பது வீட்டுக்குப் பழைய எழுத்து போனது, நூற்று எழுபது வீட்டுக்குப் புதிய எழுத்து போனது. கல்யாணத்துக்கு வந்த யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹாஜியார்தான் கேட்டார். மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்து, “இத யாரு கீறின?” என்றார்.

“ஒடஞ்சது நான் கீறினதுங்க. மிச்சமெல்லாம் எங்க அக்கா போட்டது.”

அவர் துண்டுகளை என் கையில் வைத்தார். “அப்ப அவங்களுக்கு எழுதி விசாரிக்கிறதானே” என்றார். அலவி தலையைத் தூக்கவேயில்லை, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் அங்கே வருவதாக இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஹாஜியார் பண்டாரவளையில் இன்னொரு பிரஸ் தொடங்குகிறார், அதை என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கிறது. நாட்டை விட்டுப் போகச் சொல்லி ஆள் வந்தால் அன்றைக்குப் பார்ப்போம். நீ மேசையை விட்டு எழுந்திருந்தாலும் நான் போன வருஷம் வந்திருப்பேனா என்று இப்போது யோசித்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒன்பது நாள் ஒரு வீட்டுக்குள் இருந்த பிறகு அந்த வீட்டை விட்டுப் போவது சுலபமாக இல்லை.

இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் பழைய மாதிரிதான் எழுதுகிறார்கள். கோயில் ஜெபப் புத்தகம் ஒன்றும் அச்சுக்கு வருகிறது. ஆகவே அந்த ஏழு எழுத்தும் எங்களுக்கு வேண்டும். ஒரு மாதமாக உன்னுடைய ‘ழ’வை லென்ஸ் வைத்துப் பார்த்து, நீ எங்கே சதை வைத்திருக்கிறாய் என்று கண்டுபிடித்து, ஏழையும் திரும்பக் கீறியிருக்கிறேன். தாள் இத்துடன் இருக்கிறது. ‘ணை’ எனக்கே திருப்தியாக இல்லை.

பார்த்துத் திருத்தி ஆசாரியிடம் கொடு. திருத்தியதை எனக்கு அனுப்பிக் கேட்க வேண்டாம். கடிதம் போய்வர ஒரு மாதமாகிறது.

உன் தம்பி
தேவதாசன்